சமையல் மேடைக்கு எந்தக் கிரானைட்? முதல்ல உங்க போர் தண்ணியைப் பாருங்க

வணக்கம் சகோதரி,

உங்க லெட்டர் கிடைச்சது. படிக்கிற மத்தவங்களுக்கும் விஷயம் புரியணும்ல, அதனால நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன். திண்டுக்கல் பக்கம் வீடு கட்டிட்டு இருக்கீங்க, பூச்சு வேலை முடிஞ்சாச்சு, அடுத்து கிச்சன் மேடை. எல் ஷேப், ஒரு பக்கம் 10 அடி இன்னொரு பக்கம் 8 அடி. மேஸ்திரி ஜெட் பிளாக் போட்டுடுங்க அதுதான் காலத்துக்கும் நிக்கும்ங்கிறார், வீட்டுக்காரருக்கு வெள்ளைக் கல்லு மேல ஆசை, உங்க தம்பி இப்பல்லாம் யாரு கிரானைட் போடுறா குவார்ட்ஸ் போடுங்கன்னு சொல்றார். மிச்சமாகுற கல்லையே ரெண்டு பாத்ரூம் வாஷ்பேசின் மேடைக்கும் போட்டா காசு மிச்சமாகுமான்னு கேக்குறீங்க. போர் தண்ணி நல்ல உப்பு, இப்ப இருக்கிற வாடகை வீட்டுல குழாயெல்லாம் வெள்ளையா பூத்துக் கிடக்குன்னு எழுதியிருக்கீங்க. மாமியார் 5 அடிக்கும் கொஞ்சம் கம்மி, கண்ணுல புரை ஆபரேஷன் ஆனவங்க, பாதிச் சமையல் அவங்க கையிலதான். நீங்க 5 அடி 5 இஞ்ச். கடைசியா கிரானைட்ல ரேடியேஷன் வருதுன்னு வாட்ஸப்ல வந்த மெசேஜ் நெசமான்னு ஒரு கேள்வி.

நேரா பதிலுக்கு வந்துடுறேன். நான் உங்க இடத்துல இருந்தா ஸ்டீல் கிரே மாதிரி நடுத்தர சாம்பல் கலர்ல நெருக்கமான கல்லா பார்த்து எடுப்பேன், அதையே கிச்சனுக்கும் போடுவேன், பாத்ரூம் மேடைக்கும் போடுவேன். பளிங்கு மாதிரி மின்னுற ஜெட் பிளாக்கை உங்க வீட்டுக்கு, அதுவும் உங்க தண்ணிக்கு, நான் சொல்லவே மாட்டேன். உங்க லெட்டர்லயே அதுக்குக் காரணம் இருக்கு, அந்தக் குழாய்ல பூத்திருக்கிற வெள்ளைதான். அந்தத் தண்ணி கறுப்புக் கல்லு மேல ஒரு சொட்டு விழுந்து காஞ்சாலும் வெள்ளை வட்டம் நிக்கும், சிங்க்கைச் சுத்தியும் குழாய் அடியிலயும் ஆறு மாசத்துல சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும், அப்புறம் அதைப் போக்குறேன்னு ஆசிட் ஊத்துவாங்க, பாலிஷ் மங்கும், மங்கின இடத்துல உப்பு இன்னும் நல்லா புடிச்சு உக்காரும். நிறைய பேர் கல்லு சரியில்லைன்னு சொல்றது இதைத்தான். பிரச்சனை கல்லுல இல்ல, அந்தத் தண்ணிக்கு அந்தக் கலர் ஒத்து வரலை, அவ்வளவுதான்.

கறுப்புக் கல்லு மட்டமானதுன்னு நான் சொல்ல வரலை, மேஸ்திரி சொன்னது ஒரு வகையில உண்மைதான். நம்ம விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் பிளாக், கர்நாடகாவுல சாம்ராஜ்நகர் பிளாக், தெலங்கானாவுல கம்மம் பிளாக், இதெல்லாம் டோலரைட்னு சொல்ற பாறை வகை, ரொம்ப நெருக்கமா இருக்கும், எண்ணெய் மஞ்சள் எதுவும் உள்ள இறங்காது. காவிரித் தண்ணி மாதிரி நல்ல தண்ணி வர்ற வீடா இருந்து, வேலை முடிஞ்சதும் துடைச்சு விடுற பழக்கமும் இருந்தா தாராளமா போடலாம். உங்க வீட்டுல இன்னொரு விஷயமும் இருக்கு, அத்தையோட கண்ணு. கறுப்பு மேடையில கடுகு சிந்தினாலும் தெரியாது, கறுப்புக் கைப்பிடி போட்ட கத்தி கிடந்தாலும் தெரியாது, ஜன்னல் வெளிச்சம் பாலிஷ்ல பட்டுக் கண்ணுல அடிக்கும். ரொம்பப் பூப்பூவா இருக்கிற டேன் பிரவுன்லயும் இதே தொல்லை உண்டு, அழுக்கு தெரியாதுன்னு சொல்லி விப்பாங்க, அழுக்கு தெரியாத இடத்துல எறும்பும் தெரியாது. ஸ்டீல் கிரே நடுவுல நிக்கும், கடுகும் தெரியும், உப்புக் கறை அவ்வளவா தெரியாது. கறுப்புதான் வேணும்னு வீட்டுல எல்லாரும் ஒத்தக் கால்ல நின்னா ஆந்திராவுல சீமக்குர்த்தியில எடுக்கிற பிளாக் கேலக்ஸியைப் பாருங்க, உள்ள தங்கப் பொட்டு மாதிரி மின்னுறது பிரான்சைட்னு ஒரு தாது, அந்தப் பொட்டு இருக்கிறதால சொட்டுக் கறை கொஞ்சம் மறையும், ஆனா முழுசா மறையாது.

கறுப்பு வாங்கப் போறவங்க எல்லாருக்கும் இதைச் சொல்லணும். சாம்பல் கல்லுல சாயம் ஏத்தி ஜெட் பிளாக்னு விக்கிறது நடக்குது. கடைக்குப் போகும்போது நகப் பாலிஷ் ரிமூவர் அசிட்டோன் கலந்ததா ஒரு சின்ன பாட்டிலும் வெள்ளைப் பஞ்சும் கையோட கொண்டு போங்க, ஓரத்துல அழுத்தித் தேச்சுப் பாருங்க, பஞ்சுல கறுப்பு ஏறினா அந்தக் கடையை விட்டு வந்துடுங்க. சாம்பிள் துண்டு குடுத்தா வீட்டுக்கு எடுத்துட்டு வந்து ஒரு மூலையில எலுமிச்சைச் சாறு, இன்னொரு மூலையில நல்லெண்ணெய், இன்னொரு மூலையில மஞ்சத்தூள் கரைச்ச தண்ணி, ராத்திரி விட்டுட்டுக் காலையில கழுவிப் பாருங்க. எலுமிச்சை பட்ட இடம் வெளுத்தா ஒண்ணு கல்லுல சாயம் இருக்கு, இல்ல அது சுண்ணாம்பு கலந்த கல்லு, ரெண்டுல ஒண்ணு. சாம்பிள் தர மாட்டேன்னு சொன்னா ஸ்லாப் மேலயே கொஞ்சம் தண்ணி ஊத்தி கால் மணி நேரம் கழிச்சுத் துடைங்க, துடைச்ச இடம் கருத்துப் போயிருந்தா அந்தக் கல்லு தண்ணி குடிக்குது. தண்ணி குடிக்கிற கல்லு எண்ணெயும் குடிக்கும், ரசமும் குடிக்கும்.

இப்ப உங்க வீட்டுக்காரர் ஆசைக்கு வர்றேன். வெள்ளைன்னு கேட்டா காஷ்மீர் ஒயிட் காட்டுவாங்க, மதுரைப் பக்கம் எடுத்த கல்லு அது, வெள்ளையில அங்கங்க செவப்புப் பொட்டு இருக்கும், பார்க்க நெஞ்சை அள்ளும். அந்தச் செவப்பு கார்னெட்ங்கிற தாது, அதுல இரும்பு இருக்கு, தண்ணி விடாம படுற இடத்துல நாளாக நாளாகத் துருப் புடிச்ச மாதிரி பழுப்பு ஏறும். தண்ணி உறிஞ்சுறதும் அதிகம். சாம்பார், மஞ்சள், எண்ணெய்னு தினமும் புழங்குற நம்ம கிச்சனுக்கு இது வேணாம். ராஜஸ்தான்லருந்து வர்ற பீ ஒயிட் மாதிரி வெள்ளைக் கல்லெல்லாம் விலை கம்மியா கிடைக்கும், அதுக்கும் சீலர், அதாவது கறை உள்ள இறங்காம தடுக்கிற பூச்சு, அடிக்காம இருக்க முடியாது. வீட்டுக்காரருக்கு வெள்ளைதான்னா சுவத்துல வெள்ளை டைல்ஸ் போடச் சொல்லுங்க, மேடை சாம்பல், சுவர் வெள்ளை, கிச்சன் நல்லா வெளிச்சமா இருக்கும், அவர் கேட்டதும் நடந்துடும்.

மார்பிள் பத்தி நீங்க கேட்கலை, ஆனா யாராச்சும் சொல்லுவாங்க, அதனால ஒரு வார்த்தை. புளித்தண்ணி, தயிர், எலுமிச்சை, மூணும் மார்பிளை அரிக்கும், பட்ட இடம் மங்கிடும், வேணவே வேணாம். கடப்பா கல்லும் சுண்ணாம்புக் கல்லுதான், அதை அடியில தாங்குறதுக்கும் அலமாரித் தட்டுக்கும் போடுங்க, மேல் மேடைக்கு வேணாம்.

தம்பி சொன்ன குவார்ட்ஸ் தப்பான சாமான் இல்ல. கல்லுத்தூளை ரெசின்ல கலந்து ஃபேக்டரியில அழுத்திச் செய்யிறது, கறை அவ்வளவா புடிக்காது, சீலர் தேவையில்ல, ஒரே மாதிரி டிசைன் கிடைக்கும். ஆனா அதுல இருக்கிற ரெசின் 150 டிகிரி சூட்டுக்கு மேல தாங்காது, நம்ம வீட்டுல பூரி சுட்ட எண்ணெய்ச் சட்டியை அப்படியே எறக்கி மேடையில வைக்கிற பழக்கம், வச்ச இடத்துல மஞ்சளா வட்டம் விழுந்தா அது போகாது. கிரானைட் பூமிக்குள்ள உருகின பாறைக் குழம்புலருந்து உருவான கல்லு, சட்டிச் சூடு அதுக்குப் பெரிசே இல்ல. நானோ ஒயிட்டுன்னு பளீர்னு வெள்ளையா ஒண்ணு விக்கிறாங்க, அது அடிப்படையில கண்ணாடி, ஓரத்துல ஒரு பாத்திரம் இடிச்சா சில்லு பேந்துடும், கீறல் விழுந்தா நல்லா தெரியும். பாத்ரூம்ல வேணா போட்டுக்கலாம், கிச்சனுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சரி, கல்லு விக்கிற யார்டுக்குப் போறீங்கன்னு வச்சுக்குவோம். போன்ல அனுப்புற போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் குடுக்காதீங்க, ஸ்லாப்பை நேர்ல பார்த்து உங்க பேரை எழுதி வச்சுட்டு வாங்க. ரெண்டு ஸ்லாப் தேவைப்பட்டா ஒரே பாறைக் கட்டியில அறுத்த அடுத்தடுத்த ஸ்லாப்பா கேளுங்க, இல்லன்னா எல்லோட ரெண்டு கையும் ரெண்டு கலர்ல நிக்கும். ஸ்லாப்பைச் சாய்ச்சு வச்சு வெளிச்சம் பக்கவாட்டுல படுற மாதிரி நின்னு பாருங்க, முடி மாதிரி வெடிப்பு ஓடியிருந்தா அப்பதான் தெரியும், நேரா பார்த்தா பாலிஷ் மறைச்சிடும். பின்பக்கம் வலை ஒட்டியிருந்தா அந்தக் கல்லு தானா நிக்கத் தெம்பில்லாததுன்னுதான் வலை ஒட்டியிருக்காங்க, விலை அதுக்கேத்த மாதிரி இருந்தா யோசிக்கலாம், முதல் தரம்னு சொன்னா ஒத்துக்காதீங்க. விரலை மடக்கித் தட்டிப் பாருங்க, நல்ல கல்லு கணீர்னு கேக்கும். அப்புறம் கனம். 20 எம்எம்னு சொல்லுவாங்க, டேப்பு வச்சா பல ஸ்லாப் 16, 17தான் இருக்கும். டேப்பை எடுக்கத் தயங்காதீங்க, காசு உங்களோடது. சிங்க்குக்கு ஓட்டை வெட்டப் போற கல்லுக்கு 18க்குக் குறையாம இருக்கணும்.

மேடை அகலம் 2 அடிங்கிறதால கேங்சாங்கிற பெரிய மெஷின்ல அறுத்த பெரிய ஸ்லாப் வாங்கித்தான் ஆகணும்னு இல்ல, கட்டர் சைஸ்ல ரெண்டரை அடி அகலத்துல கிடைக்கும், விலையும் கம்மி, சேதாரமும் கம்மி. நீளம் மட்டும் பார்த்து எடுங்க, ஜாயிண்ட் எங்க வரும்னு அப்பவே முடிவு பண்ணணும். உங்க கணக்கு இப்படி வரும், 10 அடிக் கை 2 அடி அகலத்துக்கு 20 சதுர அடி, 8 அடிக் கையில மூலை ஏற்கனவே சேர்ந்துட்டதால மிச்சம் 6 அடி, அது 12 சதுர அடி, மொத்தம் 32. பின்னாடி சுவரோரம் 4 இஞ்ச் பட்டி போட்டா 18 அடிக்கு 6 சதுர அடி. முன் ஓரத்துல அடியில இன்னொரு பட்டி ஒட்டி கனமா காட்டுற டபுள் நோசிங் போட்டா 14 அடி நீளத்துக்கு 2 இஞ்ச் பட்டி, ரெண்டேகால் சதுர அடி சொச்சம். ஆக 40க்குக் கொஞ்சம் மேல, சேதாரம் பத்துப் பதினஞ்சு சதவீதம் சேர்த்து 45, 46ன்னு வாங்கினா போதும். இதைவிட ரொம்ப அதிகமா எழுதிக் குடுத்தா எதுக்குன்னு கேளுங்க. சிங்க்குக்கு வெட்டி எடுக்கிற துண்டுக்கும் நீங்கதான் காசு குடுத்திருக்கீங்க, அதைக் கேட்டு வாங்குங்க, பாத்ரூம்ல சோப்பு வைக்கிற மூலைத் தட்டு, சப்பாத்திக் கல்லு, ஜன்னல் படி எல்லாம் அதுலயே ஆயிடும். ஓரம் பாலிஷ் பண்றதுக்கு அடிக் கணக்குல தனியா கூலி, கல்லு விலையில அது சேராது, முன்னாடியே பேசிடுங்க.

இனி சொல்லப் போறதுதான் எனக்கு முக்கியம். கல்லு பேர் என்னங்கிறதை ஆறு மாசம் விசாரிக்கிறாங்க, யார் பதிக்கிறாங்க எப்படிப் பதிக்கிறாங்கன்னு ஒரு நாள்கூட விசாரிக்கிறதில்ல. நான் பார்த்த வரைக்கும் வீட்டுல வெடிச்ச மேடைகள்ல கல்லு மோசம்னு வெடிச்சது கொஞ்சம்தான், மத்ததெல்லாம் பதிச்ச விதத்துல வெடிச்சது.

எப்படி வெடிக்குதுன்னா, அடியில காங்கிரீட் ஸ்லாப் மேல கலவையை அங்கங்க குப்பலா வச்சுக் கல்லை அமுக்கிடுவாங்க, நடுவுல காத்து நிக்கும். மேல தட்டினா பொக்குன்னு சத்தம் வரும், அந்த பொக்கு இருக்கிற இடத்துலதான் ஒரு நாள் இடிகல்லை வச்சு இஞ்சி பூண்டு இடிக்கும்போது வெடிப்பு விழும். அதனால கலவை முழுசா பரப்பி, ரசமட்டம் பார்த்து, பதிச்ச மறுநாள் நீங்களே ஒரு காசை எடுத்து மேடை பூரா தட்டிப் பாருங்க, பொக்குன்னு கேட்ட இடத்துல சாக்பீஸ்ல வட்டம் போட்டு எடுத்துப் பதிக்கச் சொல்லுங்க, அப்பவே சொன்னாத்தான் நடக்கும். மாடுலர் பெட்டி மேல உக்கார வைக்கிறதா இருந்தா கனத்தை நினைச்சுக்கங்க, 20 எம்எம் கல்லு சதுர அடிக்கு 5 கிலோ வரும், உங்க மேடை மொத்தம் 160 கிலோவுக்குக் குறையாது, பிளைவுட் மேல நேரா வைக்காம அடியில கடப்பா கல்லோ இரும்பு ஆங்கிளோ குடுக்கணும்.

அடுத்தது ஓட்டை வெட்டுறது. சிங்க்கோட நாலு மூலையையும் சதுரமா கூரா வெட்டினா அந்தக் கூர்ல இருந்துதான் வெடிப்பு கிளம்பும். மூலையில முதல்ல ரவுண்டா துளை போட்டுட்டு அப்புறம் துளைக்குத் துளை நேரா வெட்டணும், இதை வேலை ஆரம்பிக்கும் முன்னாடியே சொல்லிடுங்க. சிங்க்குக்கு முன்னாடி மேடை ஓரம் வரைக்கும் மிஞ்சுற பட்டி 3 இஞ்சாவது இருக்கணும், பெரிய சிங்க்கா வேணும்னு வாங்கி முன்னாடி ஒன்றரை இஞ்ச் விட்டா அந்தப் பட்டி தாங்காது, அதுல இடுப்பைச் சாய்ச்சுத்தான் நாம பாத்திரம் விளக்குவோம். அந்தப் பட்டிக்கு அடியில இரும்பு ஆங்கிள் ஒண்ணு கட்டாயம் போடச் சொல்லுங்க. கல்லுக்கு அடியில தொங்குற மாதிரி சிங்க் மாட்டுறதா இருந்தா வெறும் பசையை நம்பாதீங்க, 24க்கு 18, ஆழம் 9 இஞ்ச் இருக்கிற சிங்க் நிறைய தண்ணி புடிச்சா 60 கிலோவுக்கு மேல வரும், அதுல குக்கரும் சட்டியும் வேற கிடக்கும், அடியில தாங்குறதுக்குத் தனியா பிராக்கெட் வேணும். ஜாயிண்ட்டை சிங்க் பக்கத்துலயோ அடுப்பு பக்கத்துலயோ விடவே கூடாது, உங்களுக்கு எல் மூலையில விட்டா சரியா வரும். சிங்க், அடுப்பு, குழாய் மூணையும் முன்னாடியே வாங்கி வேலை நடக்கிற இடத்துல கொண்டு வந்து வச்சுடுங்க, அளவை போன்ல சொல்லி வெட்டச் சொல்லாதீங்க.

முன் ஓரத்தை அரை வட்டமாவோ முழு வட்டமாவோ தேச்சு விடச் சொல்லுங்க. கத்தி மாதிரி நேர் ஓரம் இப்ப ஃபேஷன், ஆனா தேங்காய் உடைக்கிற வீட்டுல அது சில்லு பேந்துக்கிட்டே இருக்கும். அத்தை மேடை ஓரத்துல தேங்காய் உடைக்கிற பழக்கம் உள்ளவங்களான்னு பாருங்க, எந்தக் கல்லா இருந்தாலும் ஓரத்துல அப்படி அடி விழக் கூடாது, வெளியில ஒரு கருங்கல் துண்டு அதுக்குன்னு போட்டு வைங்க. கல்லு அலமாரிக் கதவை விட ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் வெளியில நீட்டிக்கிட்டு இருக்கட்டும், நீட்டின பகுதிக்கு அடியில ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய கோடு கீறி விடச் சொல்லுங்க, மேடையில வழியிற தண்ணி அந்தக் கோட்டுல நின்னு கீழ சொட்டிடும், கதவுல இறங்கி பிளைவுட் ஊறாது. இந்தக் கோடு போட அஞ்சு நிமிஷ வேலைதான், சொன்னாத்தான் போடுவாங்க. சுவரோரம் கல்லை இறுக்கி முட்ட விடாம ரெண்டு மூணு எம்எம் விட்டு சிலிகான் அடிக்கணும், அந்தச் சிலிகான் நியூட்ரல் வகையா இருக்கணும், அடிக்கும்போது வினிகர் வாடை வந்தா அது வேற வகை, சில கல்லுல ஓரம் கறை ஏறும்.

உயரத்தை எல்லாருக்கும் ஒண்ணா 33, 34 இஞ்ச்னு கட்டிடுறாங்க. முழங்கையை மடக்கி நின்னா முழங்கை எங்க வருதோ அதுக்கு நாலஞ்சு இஞ்ச் கீழ மேடை இருந்தா காய் நறுக்கத் தோள் வலிக்காது. உங்க உயரத்துக்கு 36 கிட்ட வரும், அத்தைக்கு 32, 33. அடுப்பு வைக்கிற இடத்துல அடுப்போட உயரம் நாலஞ்சு இஞ்ச் கூடிடும், அதுக்கு மேல சட்டி, அத்தை எட்டிப் பார்த்துக் கிண்டுற மாதிரி ஆயிடும், சூடான எண்ணெய் இருக்கிற இடம் அது. எல் ஷேப்பா இருக்கிறதால உங்களுக்கு வழி இருக்கு, அடுப்பு இருக்கிற 8 அடிக் கையை 30 இஞ்ச்சா இறக்கிடுங்க, சிங்க்கும் நறுக்குற இடமும் இருக்கிற 10 அடிக் கையை 34ல வைங்க, நடுவுல ஒரு படி மாதிரி வரும், பார்க்கவும் நல்லாத்தான் இருக்கும். மூலையில அந்தப் படிக்குக் கொஞ்சம் கல்லு கூடும், அவ்வளவுதான். இது வாங்குறதுக்கு முன்னாடி முடிவாகணும், காங்கிரீட் ஸ்லாப் ஏற்கனவே ஊத்தியாச்சுன்னா உடைக்கத் தயங்காதீங்க, ரெண்டு பேரும் தினமும் நிக்கப் போற இடம்.

பாத்ரூமுக்கு வர்றேன். மிச்சக் கல்லைப் போடலாமான்னு கேட்டீங்க, நான் சொன்ன சாம்பல் கல்லுன்னா போடலாம், ஜெட் பிளாக்னா பாத்ரூம்ல கிச்சனை விட மோசமா உப்புத் தெரியும், ஏன்னா சிங்க்கைத் துடைக்கிற மாதிரி வாஷ்பேசின் மேடையை யாரும் துடைக்கிறதில்ல. மேடையை லேசா முன்பக்கமோ பேசின் பக்கமோ சரிவா வைங்க, தண்ணி தேங்கி நின்னாத்தான் உப்பு படியும், ஓடிட்டா படியாது. குழாயை மேடையில நடாம சுவத்துல வச்சா இன்னும் நல்லது, குழாய் அடியில வட்டமா கறை புடிக்கிற இடமே இருக்காது. ஒரு விஷயம் நிறைய பேர் மறக்கிறது, தலைக்கு டை, மருதாணி, ரெண்டும் வெளிர் கல்லுல புடிச்சா லேசுல போகாது, பாத்ரூம்ல வெள்ளைக் கல்லு வேணாம்னு நான் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம். தரைக்கும் படிக்கும் பாலிஷ் கிரானைட் போடவே போடாதீங்க, சோப்புத் தண்ணியில வழுக்கும், வயசானவங்க இருக்கிற வீடு, ஃபிளேம் ஃபினிஷோ லெதர் ஃபினிஷோ சொரசொரப்பா பார்த்துப் போடுங்க.

உப்பு படிஞ்சா ஆசிட் வேணாம். மோஸ்ங்கிற கடின அளவுல கிரானைட்டுக்குள்ள இருக்கிற குவார்ட்ஸ் தாது 7, ஃபெல்ட்ஸ்பார்ங்கிற தாது 6, இரும்பு பிளேடு அஞ்சு அஞ்சரைதான், அதனால சவர பிளேடைப் படுக்க வச்சு மெதுவா சுரண்டினா உப்பு ஏடு ஏடா வந்துடும், கல்லுல கீறல் விழாது, அப்புறம் பாத்திர சோப்பு போட்டுக் கழுவிட்டு ஈரம் இல்லாம துடைச்சிடுங்க. டாய்லெட் கழுவுற ஆசிட் பாட்டிலை அந்த மேடை மேல வைக்காதீங்க, மூடி லூசா இருந்தா அந்தப் புகையே குழாயைக் கெடுக்கும். துருக் கறை போக்குற சில திரவத்துல ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இருக்கும், அது ஒண்ணு மட்டும் கிரானைட்டையே தின்னுடும், கைக்கும் ரொம்ப ஆபத்து, வீட்டுக்குள்ளயே விடாதீங்க.

கிச்சன்ல மஞ்சள் கறை புடிச்சா பயப்படாதீங்க, மஞ்சள் நிறம் வெயிலுக்கு நிக்காது, ஜன்னல் வெளிச்சம் படுற இடம்னா தானா மங்கும், அவசரம்னா ஹைட்ரஜன் பெராக்சைடுல சோடா மாவைக் குழைச்சு அப்பி பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி மறுநாள் எடுங்க. எண்ணெய் இறங்கியிருந்தா பெராக்சைடுக்குப் பதிலா அசிட்டோன்ல சோடா மாவைக் குழைச்சு அதே மாதிரி. அசிட்டோன் சட்டுனு தீப்புடிக்கும், அடுப்பை அணைச்சு சிலிண்டர் வால்வையும் மூடிட்டு, ஜன்னலைத் தொறந்து வச்சுட்டுப் பண்ணுங்க. சீலர் வேணுமான்னு கடைக்காரர் கேப்பார், ஸ்டீல் கிரேக்கு நான் சொன்ன தண்ணிச் சோதனை பண்ணிப் பாருங்க, கருக்கலைன்னா தேவையில்ல, கருத்துச்சுன்னா, கல்லுக்குள்ள இறங்குற வகை சீலர் வாங்கி அடிங்க, மேல பளபளன்னு படலமா நிக்கிற வகை சூட்டுல உரியும்.

ரேடியேஷன் பத்தி, எந்தப் பாறையிலயும் ரொம்பக் கொஞ்சம் யுரேனியம் தோரியம் இருக்கத்தான் செய்யும், கிரானைட்ல கொஞ்சம் அதிகமா இருக்கும், ஆனா வீட்டு மேடையால உடம்புக்கு வர்றது சொற்பம். ஜன்னல் தொறந்து வைக்கிற நம்ம கிச்சனுக்கு அந்த மெசேஜை நம்பி எதையும் மாத்த வேண்டியதில்ல.

நெசமா பயப்பட வேண்டியது கல்லை அறுக்கும்போது வர்ற தூசிக்கு. அந்தத் தூசியில இருக்கிற சிலிக்கா நுரையீரல்ல போய் உக்காந்தா திரும்ப வராது, சிலிகோசிஸ்னு நோய், குணப்படுத்த மருந்து கிடையாது. குவார்ட்ஸ் ஸ்லாப்ல சிலிக்கா 90 சதவீதம் வரைக்கும்கூட இருக்கும், அதை அறுத்த தொழிலாளிங்க சின்ன வயசுலயே இந்த நோய்ல விழுந்ததாலதான் ஆஸ்திரேலியாவுல 2024 ஜூலை 1லருந்து குவார்ட்ஸ் மேடையையே தடை பண்ணிட்டாங்க. தம்பி குவார்ட்ஸ்னு சொன்னப்ப நான் வேணாம்னதுக்கு இது பெரிய காரணம். கிரானைட்ல அதைவிடக் கம்மி, ஆனா இல்லாம இல்ல. உங்க வீட்டுக்குள்ள மூடின ரூம்ல உலர்ந்த கல்லுல மெஷினை வச்சு அறுத்தா வீடு பூரா வெள்ளைப் புகையா நிக்கும், அதை மூச்சுல இழுக்கிறது கல்லு அறுக்கிற பையன்தான், பெரும்பாலும் மூஞ்சியில ஒரு துண்டைக் கட்டிட்டு உக்காந்திருப்பான், துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது. முடிஞ்ச வரைக்கும் கடையிலயே தண்ணி விட்டு அறுத்து, ஓரம் தேச்சுக் கொண்டு வரச் சொல்லுங்க. வீட்டுல வெட்டியே ஆகணும்னா வெளியில முற்றத்துல வச்சு, ஒருத்தர் பைப்ல தண்ணி விட விட வெட்டணும். மெஷின்ல தண்ணி பட்டா ஷாக் அடிக்கும்ங்கிறதால கரண்ட் லைன்ல ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா உடனே ஆஃப் ஆகுற ஸ்விட்ச், இருக்கான்னு எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டுக்கங்க. வெட்டுறவருக்கும் தண்ணி விடுறவருக்கும் என்95 மாஸ்க் நீங்களே வாங்கிக் குடுங்க, கூலி பேசும்போதே இப்படித்தான் வெட்டணும்னு சொல்லிடுங்க, ஒரு நாள் வேலை கூட ஆகும், அந்த ஒரு நாள் கூலியைச் சேர்த்துக் குடுத்துடுங்க.